சிப்பித்துறையில் பிளாஸ்டிக் இல்லை

நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்கள் பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வந்து என் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு நாலு பேரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. சிப்பித்துறை கடற்கரையில் ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, நீலக்கரைத் திட்டத்தின் வட்டார அலுவலர் பூபாலன் சார், பள்ளிக்கூடத்துக்கு எதிரே நட்டிருந்த தகரப் பலகையின் திரையை இழுத்துவிட்டு, மைக்கைப் பிடித்து, "இந்த நிமிடம் முதல் சிப்பித்துறையில் ஒரு துண்டு பிளாஸ்டிக்கூட இல்லை" என்று அறிவித்தார். அவர் வாய் மூடுவதற்குள் ஊரில் இருந்த பிளாஸ்டிக் மொத்தமும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

இல்லாமல் போகவில்லை, தெரியாமல் போனது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நாங்கள் பிற்பாடுதான் படித்தோம். அன்றைக்குப் பந்தலில் நூற்றி ஐம்பது பேர் வாடகை நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம், நாற்காலி மறைந்து நூற்றி ஐம்பது பேரும் அந்தரத்தில் கால்மேல் கால் போட்டபடி இருந்தோம், மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' பேனர் மறைந்து மூங்கில் மட்டும் நின்றது, பூபாலன் சார் கையில் முக்கால் லிட்டர் தண்ணீர் பாட்டில் வடிவத்தில் தனியாக நின்றது, அவரும் அதைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்துவிட்டு மேஜைமேல் வைத்தார். யாரும் கத்தவில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் இன்னும் கொடுக்கவில்லை, அதற்குள் கத்தி விழாவைக் கெடுப்பானேன் என்று பேசாமல் இருந்தோம்.

அரசாங்கம் நினைத்தால் நடக்காதா என்றார்கள் சிலர். மாதா காட்டிய புதுமை, அற்புதம் என்றார்கள் சிலர். எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் விவரமானவர், இரண்டுக்கும் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் விடிந்தபோது ஊர் அதற்குப் பழகியிருந்தது. தெருக்குழாயிலிருந்து பெண்கள் இடுப்பில் தண்ணீரை மட்டும் ஏந்திக்கொண்டு வந்தார்கள், குடத்தின் வளைவில் தண்ணீர் தளும்பியது. எது யார் குடம் என்று தெரியாமல் முதல் மூன்று நாள் குழாயடியில் குடுமிப்பிடிச் சண்டை நடந்தது, பிறகு குடத்தின் கழுத்தில் ஆளுக்கொரு சேலைக் கிழிசலைக் கட்டிக்கொண்டார்கள். செருப்புப் போட்டவர்கள் தரையிலிருந்து அரை விரல் உயரத்தில் நடந்தார்கள். பெட்டிக்கடையில் ஊறுகாயும் ஷாம்பூவும் சரம் சரமாகக் காற்றில் தொங்கின, எண்ணெய் அரை லிட்டர் அரை லிட்டராக அலமாரியில் அடுக்கியிருந்தது. என் கடையில் டீ தானாக நின்றது, நானும் எத்தனை தடவை விரலைச் சுட்டுக்கொண்டேன் என்று கணக்கில்லை. நைலான் வலையையும் ஃபைபர் படகையும் எங்கள் ஊரில் யாரும் பிளாஸ்டிக் என்று சொல்வது கிடையாது, அதனாலோ என்னவோ அவை மட்டும் தெரிந்தன, தொழிலுக்குக் கேடு வரவில்லை.

இதில் வாயில் மண் விழுந்தது ஒரே ஒருத்திக்குத்தான். அமலோற்பவம், ஊர்க்காரர்களுக்கு அமலி. கட்டியவன் கொச்சிப் பக்கம் படகுக்குப் போனவன், மாசத்துக்கு ஒரு போனோடு சரி. இவள் ஒன்பது வருஷமாகக் கரையில் குப்பை பொறுக்கும் தற்காலிகப் பணியாளர், நுனியில் ஆணி அடித்த கம்பும் தோளில் கோணிச் சாக்குமாகக் காலையில் நடக்க ஆரம்பித்தால் ஓடை முகத்துவாரம் வரைக்கும் போய்த்தான் திரும்புவாள். அந்தக் கூலியில்தான் ஓடைக்கரையில் கடைசி வீடாக ஒரு வீடு எழுப்பினாள், சுவர் பூசியாயிற்று, தரைதான் பாக்கி. பலகை திறந்த நாலாம் நாள் பூபாலன் சார் ஆபீசிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. கிராமத்தில் பிளாஸ்டிக் இல்லாத காரணத்தால் அதை அகற்றும் பணியிடமும் இல்லை என்று கண்டிருந்தது.

அமலி அழுது பார்த்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால் அது பொய். அவள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுநாளும் கரைக்குப் போனாள். கண்ணை நம்பாமல் காலை நம்பி நடந்தாள். மிட்டாய்த் தாள் மிதிபட்டால் ஒரு சத்தம், பால் கவர் ஒரு சத்தம், தண்ணீர் பாட்டில் இன்னொரு சத்தம், எல்லாம் அவளுக்கு அத்துபடி. ஒரு நாள் முகத்துவாரத்தில் ஆமை ஒன்று வாயைப் பிளந்துகொண்டு செத்துக் கிடந்தது. அமலி அதன் தொண்டைக்குள் விரலை விட்டு, ஒன்றுமில்லாத ஒன்றை முழ நீளத்துக்கு இழுத்து வெளியே போட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அவள் கோணியை நிரப்பி, பஸ்ஸில் ஏற்றி, பூபாலன் சார் ஆபீசுக்கே கொண்டுபோனாள். எங்கள் ஊரில் ஒரு தடவை மறைந்தது ஊர் எல்லையைத் தாண்டிப் போனாலும் மறைந்தேதான் இருந்தது. துணைக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள், கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

"என்னம்மா, வெறும் சாக்கைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கே?" என்றார் சார்.

"எடை போட்டுப் பாருங்கய்யா."

ஆபீஸ் மூலையில் இருந்த தராசில் வைத்தார்கள். பதினாலு கிலோ காட்டியது. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், அப்போதும் பதினாலு. "தராசு ரிப்பேர். சர்வீசுக்கு எழுதணும்" என்றார்.

"கையை விட்டுப் பாருங்கய்யா, ஒண்ணும் கடிக்காது."

மனுஷன் கையை விட்டார். உள்ளே சரசரவென்று சத்தம் கேட்டது. ஏதோ தேளைத் தொட்டவர் கணக்காகக் கையை வெடுக்கென்று எடுத்து, கைக்குட்டையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு கொஞ்சம் இரக்கமாகவே சொன்னார்: "கையில படுறதையெல்லாம் ரிப்போர்ட்ல எழுத முடியாதும்மா. போட்டோவில விழணும். போட்டோவில விழாதது இல்லாததுதான்."

"முகத்துவாரம் அடைஞ்சு கெடக்குய்யா. நெஞ்சு உயரத்துக்கு ஏறிட்டு. ஐப்பசி மழைக்கு முன்னாடி எடுக்கலேன்னா ஓடைத் தண்ணி கடலுக்குப் போகாது, எங்க வீட்டுக்குள்ளதான் வரும். எனக்கு வேலையைத் திரும்பக் குடுங்க, நான் ஒருத்தியே எடுத்துருதேன்."

"இல்லாததை எடுக்க எப்படிம்மா ஆர்டர் போடுறது?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதானே, அவரும்தான் பாவம் என்ன செய்வார் என்று நான் பஸ்ஸில் சொன்னேன். அமலி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஊர் வரும்வரைக்கும் நான் ஜன்னல் வழியாகப் பனைமரத்தை எண்ணிக்கொண்டு வந்தேன்.

முகத்துவாரம் ஏன் அப்படி அடைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், எங்கள் லட்சணத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது. பிளாஸ்டிக் கண்ணில் பட்ட காலத்தில் அதை ஓடையில் போடும்போது ஒரு கூச்சம் இருந்தது, அக்கம் பக்கம் பார்த்துவிட்டுத்தான் போடுவோம். கண்ணில் படவில்லை என்றானபிறகு கூச்சத்தை எதற்கு வைத்துக்கொள்வது? வாசலில் நின்றே வீசினோம். சுத்துப்பட்டு ஊர்க்காரர்கள் எங்கள் ஊர் எல்லைக்குள் வந்தால் எல்லாம் மறைந்துவிடுகிறது என்று கேள்விப்பட்டு மாட்டுவண்டியில் கொண்டுவந்து கொட்டினார்கள், பிறகு டவுனிலிருந்து லாரி வந்தது, எல்லைக்கல்லைத் தாண்டும்வரை மலை மாதிரி ஏற்றி வந்த லாரி எல்லைக்கல்லைத் தாண்டியதும் காலி லாரியாகத் தெரியும், காலி லாரிக்கு எதற்கு இவ்வளவு முக்கல் முனகல் என்று நாங்களும் கேட்டதில்லை. நானும் போட்டேன். என் கடையில் ஒரு நாளைக்கு இருநூறு கப், இருநூறும் ஓடைக்குத்தான் போனது.

அமலி ஊர்க்கூட்டத்தைக் கூட்டச் சொன்னாள். கோயில் வாசலில் கூடினோம். ஊர்த் தலைவர் கஸ்பார் நல்ல மனுஷர், கையெழுத்துப் போட்டே கை தேய்ந்தவர். கடல் எங்கள் ஊரில் மூன்று தெருவை விழுங்கிவிட்டது, கரையிலிருந்து கடலுக்குள் கல்லைக் கொட்டி வளைத்துக் கட்டும் தூண்டில் வளைவு ஒன்று வேண்டும் என்று அவர் இருபத்திரண்டு வருஷமாக மனுக் கொடுத்து வருகிறார். இந்தத் தடவைதான் பதில் வந்திருந்தது. ஐப்பசியில் மேலிடத்துக் குழு வந்து பார்க்கும், பிளாஸ்டிக் இல்லாத கிராமம் என்று சான்று கொடுத்தால் முதல் பரிசு தூண்டில் வளைவு.

"ஏளா அமலி, நீ சொல்லுதது நெசம்தான், யாரு இல்லேன்னா?" என்றார் கஸ்பார். "நேத்து எங்காலுலயும்தான் சிக்கி விழுந்தேன். ஆனா நாலு மாசம் பொறுத்துக்கோ. கல்லு வந்து எறங்கட்டும். அதுக்கப்புறம் ஊரே சேர்ந்து அள்ளுவோம்."

"மழை நாலு மாசம் பொறுக்குமா மாமா?"

"மழை பெஞ்சா உன் வீடு ஒண்ணு நனையும். கல்லு வரலேன்னா ஊரே போயிரும். நீயே சொல்லு, எது பெருசு?"

அமலி சுற்றிலும் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் கோயில் கோபுரத்தைப் பார்த்தோம்.

அந்தக் கூட்டத்திலேயே கட்டுப்பாடு போட்டார்கள். குழு வந்து போகும்வரை ஊரில் யாரும் பிளாஸ்டிக் என்ற வார்த்தையைச் சொல்லக்கூடாது, சொன்னால் கிழிந்த வலை ஒன்றை உட்கார்ந்து தைத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் கடலுக்குப் போகாதே என்ற அரசாங்கத் தடையைக்கூட மீறுவார்கள், ஊர்க் கட்டுப்பாட்டை மீற மாட்டார்கள். அன்றிலிருந்து 'அது' என்றுதான் பேச்சு. "ரெண்டு லிட்டர் அது இருக்கா?" "உங்க வீட்டு அது எங்க வாசல்ல கெடக்கு." "அதுல குடுக்கவா, கண்ணாடி கிளாஸ்ல குடுக்கவா?" நான் ஒரு நாள் அவசரத்தில் வாய் தவறி வார்த்தையை முழுசாகச் சொல்லிவிட்டு ஒரு ஞாயிறு முழுக்க வலை தைத்தேன். அமலி வேண்டுமென்றே ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லிவிட்டு, கொண்டா வலையை என்று கை நீட்டுவாள். புரட்டாசிக்குள் ஊரில் கிழிந்த வலையே இல்லாமல் போயிற்று.

தைத்த நேரம் போக மிச்ச நேரத்தில் முகத்துவாரத்தில் தனியாக நின்று இழுத்துப் பார்த்தாள். அவள் ஒரு சாக்கு எடுத்தால் லாரி பத்துச் சாக்குப் போட்டது.

ஐப்பசி பதினேழாம் தேதி மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, வானத்தைக் கவிழ்த்துவிட்ட மழை, இரண்டு பகலும் இரண்டு ராத்திரியும் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை வெறித்தபோது ஊர் மொத்தமும் முகத்துவாரத்துக்கு ஓடினோம். ஓடைத் தண்ணீர் கடலுக்குப் போகவில்லை. கடலுக்கு நாற்பது அடி இந்தப் பக்கம், ஆள் உயரத்துக்கு, நெட்டுக்குத்தாக நின்றது. முன்னால் அணை கிடையாது, சுவர் கிடையாது, ஒரு புல்கூடக் கிடையாது. இந்தப் பக்கம் காய்ந்த மணலில் நண்டுகள் நடந்துகொண்டிருந்தன, அந்தப் பக்கம் நின்ற தண்ணீருக்குள் கெளுத்திகள் வந்து மூக்கை முட்டிவிட்டுத் திரும்பின. குழந்தைகள் கிட்டப் போய்க் கெளுத்திக்குப் பழிப்புக் காட்டினார்கள். எவ்வளவு அழகாக இருந்தது என்று சொல்லவும் எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தத் தண்ணீருக்குப் பின்னால் அமலியின் வீடு ஜன்னல் வரைக்கும் முங்கிக் கிடந்தது, அவளுடைய அரிசிப் பானை வாசல்வழியாக மிதந்து வந்தது. அவள் தலையில் கட்டிய துணியும் கையில் ஒரு மூட்டையுமாகக் கரைமேல் நின்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்? மேலிடத்துக் குழு இரண்டு ஜீப்பில் வந்து இறங்கியது, முன்னால் குடை பிடித்துக்கொண்டு பூபாலன் சார். குழுத் தலைவர் ஒரு கண்டிப்பான அம்மா, மூக்குக் கண்ணாடி, கையில் கோப்பு. நின்ற தண்ணீரைப் பார்த்ததும் அந்த அம்மா அசந்து போய்விட்டார். நாங்களும் மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைத்தோம்.

அந்த அம்மா சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார். போட்டோவில் தண்ணீர் விழுந்தது, மணல் விழுந்தது, நண்டு விழுந்தது, வேறொன்றும் விழவில்லை. ஜீப்பின் முன்பக்கத்தில் கோப்பை வைத்து அங்கேயே எழுதி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். சிப்பித்துறை பிளாஸ்டிக் இல்லாத கிராமம் என்று சான்றளிக்கப்படுகிறது. கைதட்டினோம். மேலும் மழைநீர் சேமிப்பிலும் இக்கிராமம் முன்மாதிரியாகத் தேர்வு செய்யப்படுகிறது. அதற்கும் தட்டினோம். தடுப்பு ஏதுமின்றித் தண்ணீர் தானாகவே நிற்கும் இயல்பு இக்கரைக்கு இருப்பது நேரில் உறுதி செய்யப்பட்டதால், தூண்டில் வளைவு தேவையில்லை எனப் பரிந்துரைக்கப்படுகிறது.

நாலைந்து பேர் பழக்கத்தில் அதற்கும் தட்டிவிட்டு நிறுத்தினார்கள்.

கஸ்பார் இருபத்திரண்டு வருஷத்து மனுக்களையும் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். பூபாலன் சாருக்கு நிலைமை புரிந்திருக்க வேண்டும், பேச்சை மாற்ற அமலியைக் கூப்பிட்டார். "மேடம், இந்த அதிசய நீர்த்தேக்கத்துக்கு ஒரு காவலர் போடணும். இந்தப் பொண்ணு ஒன்பது வருஷம் நம்மகிட்ட வேலை பார்த்தவ." அந்த அம்மாவும் தாராளமாக, அந்த இடத்திலேயே வெள்ளைத் தாளில் உத்தரவு எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். நிரந்தரப் பணி. வேலை ஒன்றும் இல்லை, யாரும் அந்தத் தண்ணீருக்கு முன்னால் போய்க் கை வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

"வாங்கிக்கோடி, கடவுள் கண்ணைத் திறந்துட்டாரு" என்று பின்னாலிருந்து பெண்கள் அவளைத் தள்ளினார்கள். நானும் தள்ளினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தரம் என்றால் சும்மாவா, எங்கள் ஊரில் நிரந்தர வேலை பார்ப்பவர் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர்தான்.

அமலி உத்தரவை வாங்கினாள். எழுத்துக் கூட்டி முழுதும் படித்தாள். தண்ணீருக்குள் தெரிந்த அவள் வீட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"யாரும் கை வைக்கக்கூடாதா அம்மா?"

"யாரும் வைக்கக்கூடாது."

அமலி தாளை மடித்து நனையாமல் தலைத் துணிக்குள் செருகிக்கொண்டாள். மூட்டையை என் கையில் கொடுத்தாள். மீன் அறுக்கும் அரிவாளை இடுப்பிலிருந்து உருவி, தண்ணீர்ச் சுவரின் ஓரத்துக்குப் போய், ஒன்றுமில்லாத இடத்தில் ஓங்கி ஒரு வெட்டு வெட்டினாள். சர்ரென்று கிழிந்தது. கையை உள்ளே விட்டு இழுத்தாள், கால் விரல்கள் மணலில் புதையப் புதைய இழுத்தாள், ஒரு குடம் தண்ணீர் பீறிட்டு அவள் முகத்தில் அடித்தது. பூபாலன் சார், "ஏய், ஏய், அரசுச் சொத்து!" என்று கத்தினார்.

யாராவது போய்த் தடுப்பார்கள் என்றுதான் அவர் எங்களைப் பார்த்தார். போனது கஸ்பார். போகும்போதே சட்டையைக் கழற்றி எறிந்தார், எழுபது வயசு மனுஷர், அமலிக்குப் பக்கத்தில் ஈர மணலில் நின்று இரண்டு கையாலும் எதையோ பிடித்தார். ஒருத்தர் இழுத்து வராது. படகைக் கரையேற்றுகிற மாதிரி ஒவ்வொருத்தராக இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஊரே வரிசை கட்டி நின்றோம், ஏலேலோ போட்டு இழுத்தோம், மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நானும் இழுத்தேன்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு?" குழுத் தலைவர் அம்மா கோப்பைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கேட்டார். "அங்க ஒண்ணுமே இல்லையே, எதை இழுக்கிறீங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை, கட்டுப்பாடு இருக்கிறதே. அவர் கஸ்பாரைப் பார்த்தே கேட்டார்: "பெரியவரே, உங்களைத்தான் கேக்குறேன், கையில என்ன?"

கஸ்பார் திரும்பினார். அழுதாரா, ஓடைத் தண்ணீரா தெரியவில்லை.

"பிளாஸ்டிக்கு தாயீ. எங்க ஊரு பிளாஸ்டிக்கு. நாங்க போட்டது."

வார்த்தையை அமலி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், நாங்கள் போட்டது என்று அதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. அவ்வளவுதான், எல்லாம் தெரிந்தது. நாலு மாசத்துச் சேர்மானமும் ஒரே நொடியில் கண்ணில் வந்து அறைந்தது, நீலமும் சிவப்பும் வெள்ளையுமாக முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது, கரை நெடுகப் பரந்து கிடந்தது, பூபாலன் சார் அதன் மேல்தான் ஏறி நின்றுகொண்டிருந்தார், அந்த அம்மாவின் புடவை ஓரத்தில் பால் கவர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கண்ணுக்கே தாங்கவில்லை. அதே நேரம் அடைப்பு பிய்ந்துகொண்டது, ஓடை கர்ரென்று கத்திக்கொண்டு கடலுக்குப் பாய்ந்தது, நாங்கள் ஒருவர்மேல் ஒருவராக மணலில் விழுந்தோம். அமலியின் வீட்டில் முதலில் ஜன்னல் முழுதாகத் தெரிந்தது, அப்புறம் வாசல் தெரிந்தது.

சான்றிதழைக் கிழிப்பதா, கிழித்தால் யார் பொறுப்பு என்று அதிகாரிகள் இருவரும் மெல்லப் பேசிக்கொண்டார்கள். பேசி முடித்து பூபாலன் சார் விறைப்பாகக் கை நீட்டினார்.

"நீர்த்தேக்கமே இல்லைன்னு ஆயிப்போச்சு. அந்த உத்தரவைத் திருப்பிக் குடும்மா."

அமலி சேற்றுக் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, தலைத் துணிக்குள்ளிருந்து தாளை எடுத்தாள். ஒரு மூலைதான் நனைந்திருந்தது. அவரிடம் கொடுக்காமல் அந்த அம்மாவிடம் நீட்டினாள்.

"வேலை பேரை மட்டும் மாத்தி எழுதுங்கம்மா, இதை அள்ளுற வேலைன்னு. நிரந்தரம்னு எழுதியிருக்கதை அடிச்சிராதீங்க. நான் செத்த பிறகும் இது கெடக்கும்."